மாம்பலம் வரை வந்த வழி

கொல்லிமலைக்கு ரயில் கிடையாது. செம்மேட்டில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி இறங்கும் பஸ், காரவள்ளி, சேந்தமங்கலம் வழியாக நாமக்கல்லில் கொண்டுபோய் விடும். அந்த நாமக்கல்லுக்கே, சேலம்–கரூர் அகலப் பாதை திறக்கப்பட்ட 2013-இல்தான் ரயில் வந்தது. மலையிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் சென்னைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்த ஊரில் முதலில் மலைப்பைத் தருவது கடலோ கட்டடமோ இல்லை, புறநகர் ரயில் நிலையம்தான். எந்தப் பிளாட்பாரம், எந்த வண்டி வேகமாகப் போவது, எந்தப் பெட்டி பெண்களுக்கானது என்று புரிபடச் சில நாள் ஆகும். சீசன் டிக்கெட் எடுத்த பிறகு அதே ஸ்டேஷன் வீட்டுத் திண்ணை போலப் பழகிவிடும்.

மாம்பலம் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி வாக்கில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வண்டி வந்து நிற்கிறது. நிற்பது அரை நிமிடம்போல. அதற்குள் ஒரு கூட்டம் இறங்கி, இன்னொரு கூட்டம் ஏறி, பூக்கூடை ஒன்று கைமாறி உள்ளே போய், படியில் தொங்குகிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வண்டி ஹாரன் அடித்து நகர்ந்துவிடுகிறது. இறங்கியவர்கள் படியேறி நடைமேம்பாலத்தைக் கடந்தால் நேரே ரங்கநாதன் தெரு. இந்த அரை நிமிடம் சரியாக நடந்தேறுவதற்குப் பின்னால் கிட்டத்தட்ட 200 ஆண்டு வரலாறு இருக்கிறது. நொடித்துப்போன ஒரு மரச்சாமான் வியாபாரி, நியூயார்க்கின் லிஃப்ட், பிரெஞ்சுப் புரட்சி, ஜெர்மனியின் மலைப் பள்ளத்தாக்கு, தூர்க்கப்பட்ட ஓர் ஏரி என்று சம்பந்தமே இல்லாத பலவும் அதில் வந்து சேர்கின்றன.

சட்டைப் பையில் இருக்கும் சீசன் டிக்கெட்டிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கான்டர்பரி என்ற கோயில் நகரத்தையும் விட்ஸ்டபிள் என்ற கடலோர ஊரையும் இணைத்து 1830-இல் ஒரு சின்ன ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆறு மைல் தூரம்தான். கோடை வந்தால் நகரத்து ஜனங்கள் கடலில் குளிக்கக் கிளம்பிவிடுவார்கள். தினமும் வருகிறவரிடம் தினமும் காசு வாங்குவானேன் என்று 1834-இல் அந்த ரயில்வே, கோடைக்காலம் முழுவதற்கும் சேர்த்து ஒரே சீட்டு விற்றது. உலகின் முதல் சீசன் டிக்கெட் அதுதான் என்பார்கள். அலுவலகம் போகிறவரை மனத்தில் வைத்து அதை யாரும் உருவாக்கவில்லை. கடல் குளியலுக்குப் பிறந்த சீட்டைப் பிற்பாடு வந்த கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்துக்கொண்டன. குமாஸ்தாக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தாம்பரத்திலிருந்து ‘பீச்’ என்கிற கடற்கரை ஸ்டேஷன் வரை சீசன் எடுக்கிறவர்களில் கடலில் குளிக்கப் போகிறவர் யாரும் இருக்க வாய்ப்பில்லை.

நகரத்துக்கும் அதன் ஓரத்துக்கும் இடையில் மட்டுமே ஓடுகிற ரயில் என்ற யோசனைக்கு 1836-இல் லண்டனில் உருவம் கிடைத்தது. லண்டன் பாலத்திலிருந்து கிரீனிச் வரை நாலு மைலுக்கும் குறைவான தூரம். வீடும் தெருவும் நெருங்கிக் கிடந்த தென் லண்டனில் தரையில் பாதை போட்டால் தெருவுக்குத் தெரு கேட் வைக்க வேண்டியிருக்கும். அதனால் லாண்ட்மன் என்ற ராணுவப் பொறியாளர் மொத்தப் பாதையையும் தூக்கிச் செங்கல் வளைவுகளின் மேல் வைத்தார். வளைவுகள் 878. அவற்றின் அடியில் வீடுகளும் கடைகளும் வைத்து வாடகை வாங்கலாம் என்பது கம்பெனியின் கணக்கு. வீடுகள் மழைக்கு ஒழுகின. கடைகளும் கிடங்குகளும் நிலைத்தன. ரயிலுக்குக் கீழே வியாபாரம் என்ற ஏற்பாடு முதல் நாளிலிருந்தே புறநகர் ரயிலோடு ஒட்டிப் பிறந்தது.

அதே காலத்தில் வட இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்றொருவர் இருந்தார். லங்காஸ்டர்காரர், மரச்சாமான் செய்வது தொழில். கடை நொடித்து, பிழைப்புக்காகக் கார்லைல் பக்கம் மில்டன் என்ற கிராமத்து ஸ்டேஷனில் மாஸ்டராகச் சேர்ந்தார். அங்கே ஒவ்வொரு பயணிக்கும் காகிதத்தில் கையால் எழுதிச் சீட்டுத் தர வேண்டும். எழுதியது எத்தனை, வாங்கிய காசு எத்தனை என்று சரிபார்க்க வழியில்லை. எட்மண்ட்சனுக்கு இது பொறுக்கவில்லை. அட்டையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஊர்ப் பெயரை அச்சிட்டு, வரிசை எண் போட்டு அடுக்கிவைத்தார். கடைசியாக விற்ற எண்ணைப் பார்த்தால் போதும், நாள் வசூல் தெரிந்துவிடும். பிறகு தேதி குத்த ஒரு சிறு இயந்திரமும் செய்தார். அவருடைய ரயில்வே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மான்செஸ்டர்–லீட்ஸ் ரயில்வே அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. காப்புரிமை பெற்று, பாதையின் ஒவ்வொரு மைலுக்கும் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் என்று கம்பெனிகளிடம் வாங்கினார். அந்தப் பணத்தில், நொடித்தபோது கடன் கொடுத்திருந்தவர்களுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்தார்.

நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அத்தனை பேரும் எட்மண்ட்சனின் அட்டையைக் கையில் பிடித்திருக்கிறோம். இரண்டேகால் அங்குல நீளம், ஓர் அங்குலத்துக்குச் சற்று கூடுதலான அகலம். கவுண்ட்டருக்குள்ளே மர அலமாரியில் ஊருக்கு ஒரு குழியாக டிக்கெட்டுகள் அடுக்கியிருக்கும். எழுத்தர் அடியிலிருந்து ஒன்றை விரலால் உருவி, தேதி இயந்திரத்தின் வாயில் இந்தப் பக்கம் ஒரு முறை அந்தப் பக்கம் ஒரு முறை அழுத்துவார். ‘டக், டக்’. தேதி மையில் விழாமல் அட்டையிலேயே பள்ளமாகப் பதிந்திருக்கும். இருட்டிலும் தடவிப் பார்க்கலாம். கிராமத்து ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் கணக்கு ஒழுங்குக்காகச் செய்த காரியம், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தின் பாதி ரயில்களில் ஓடியது.

எட்மண்ட்சன் அட்டை வெட்டிக்கொண்டிருந்த 1837-இல் சென்னையிலும் ஒரு ரயில் உருண்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சாலை போடுவதற்குச் செம்புறாங்கல் கொண்டுவர ஒரு பாதை போட்டார்கள். அதில் ஈடுபட்டவர் ஆர்தர் காட்டன். பின்னாளில் காவிரி, கோதாவரி அணைகளால் பேர் பெற்றவர். இந்தியாவின் முதல் ரயில் பாதை அதுதான். சாலை போடுவதற்காக ரயில் போட்ட காலம் அது. வேலை முடிந்து கொஞ்ச காலத்தில் பாதையும் மறைந்தது.

ஆட்கள் ஏறும் ரயில் வர மேலும் 19 ஆண்டுகள் ஆயின. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொது மக்களுக்கான வண்டி ஓடியது. கோட்டைக்கும் கறுப்பர் நகர வியாபாரிகளுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த இடம் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ஸ்டேஷனான அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் முதல் நிலையங்கள் மாறிவிட்ட நிலையில், இந்தியாவில் இன்றும் இருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான். அதன் தூண்களுக்கு நாம் தருகிற மரியாதை போதாது என்பது என் கட்சி.

ரயில் ஓடத் தண்டவாளம் மட்டும் போதாது, அடியில் சிலீப்பர் கட்டை வேண்டும். ஒரு மைலுக்கு 1,700-க்கு மேல். நிலக்கரி தூரத்திலிருந்து வரவேண்டியிருந்ததால் எஞ்சினுக்கும் விறகுதான். 1856-இல் சென்னை மாகாணத்தின் காடுகளுக்குப் பாதுகாவலராக அமர்த்தப்பட்ட ஹியூ கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ரயில்வேயின் மரத் தேவை காடுகளை என்ன செய்யும் என்று கவலையோடு எழுதினார். பாதை சேலத்தை நெருங்கியபோது, கொல்லிமலை அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் காடுகளில் கோடரி விழுந்தது. ரயிலைப் பார்க்க இன்னும் கீழே இறங்க வேண்டியிருக்கும் மலைகள் உள்ள மாவட்டம்தான், ரயிலுக்கு அன்று மரம் கொடுத்தது. நாமக்கல்லுக்கு ஸ்டேஷன் வர அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு ஆனதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இனி பிரெஞ்சுப் புரட்சி. இந்திய ரயில்களுக்கு ஐந்தரை அடி அகலப் பாதை என்று முடிவானது கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில். அது செலவு பிடித்தது. 1870-இல் வைசிராய் மேயோ பிரபு, இனிக் குறைந்த செலவில் குறுகலான பாதை போடலாம் என்றார். எவ்வளவு குறுகல்? மூன்றேகால் அடி வாக்கில் என்று பேச்சு வந்தது. அந்தச் சமயத்தில் இந்தியாவை மெட்ரிக் முறைக்கு மாற்றிவிட வேண்டும் என்பதில் மேயோ அரசு தீவிரமாக இருந்தது. கிலோவை அடிப்படையாக வைத்து 1871-இல் ஒரு சட்டமே நிறைவேற்றினார்கள். ஆகவே பாதையும் சரியாக ஒரு மீட்டர் இருக்கட்டும் என்று தீர்ந்தது. அடுத்த ஆண்டு அந்தமானில் மேயோ கொல்லப்பட்டார். மெட்ரிக் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. இந்தியா கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறியது 1950-களின் பிற்பகுதியில்தான். சட்டம் கிடப்பில் போனாலும் தண்டவாளம் இறங்கிவிட்டது. பாரிஸில் புரட்சிக்காரர்கள் வகுத்த அளவில் நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் ஓடியது. 1874-இல் உருவாகி, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே கம்பெனி, சென்னையிலிருந்து தெற்கே போட்டதும் இதே மீட்டர் பாதை. அது எழும்பூர், சைதாப்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் வழியாகப் போனது. அப்போது தாம்பரம், சென்னையிலிருந்து வெளியூர் போகும் வழியில் ஒரு சிற்றூர்.

இந்தப் பாதையில் இன்றைய நுங்கம்பாக்கம் ஸ்டேஷனை ஒட்டிய பகுதிக்கு ஒரு பெருமை உண்டு. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வகம் கட்டியது. வானத்தைப் பார்த்து நேரம் குறிப்பது அதன் வேலைகளில் ஒன்று. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று ஊருக்கு ஊர் கடிகாரம் வேறுபட்டிருந்த நாட்டில் ரயில் அட்டவணை போடுவது பெரும் குழப்பம். இரண்டுக்கும் நடுவாக அமைந்த சென்னையின் நேரத்தை இந்திய ரயில்வேக்கள் பொதுவாக எடுத்துக்கொண்டன. கிரீனிச்சைவிடச் சுமார் 5 மணி 21 நிமிடம் முன்னால். 1906-இல் இந்திய நேரம் என்று ஒன்று வரும்வரை லாகூரில் வண்டி புறப்பட்டதும் நுங்கம்பாக்கத்துக் கணக்குப்படிதான். அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்தில் இருக்கிறது. நம் ஊர்க் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டவேண்டிய கல் அது.

பாதை, நேரம், டிக்கெட் மூன்றும் ஆயிற்று. தினமும் போய்வரும் ஏழை உழைப்பாளி மட்டும் இன்னும் கணக்கில் வரவில்லை. அவரைக் கொண்டுவந்தது ஓர் இடிப்பு. லண்டனில் லிவர்பூல் தெரு நிலையத்துக்கு இடம் வேண்டி, நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைத் தகர்க்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டது. வீடிழக்கிறவர்கள் ஊருக்கு வெளியே போய்க் குடியேறி வேலைக்கு வந்து போக, போக வர இரண்டு பென்னிக்குத் தொழிலாளர் வண்டி விடவேண்டும் என்று 1864-இல் நாடாளுமன்றம் நிபந்தனை போட்டது. வேண்டாவெறுப்பாக விட்ட அந்த வண்டிகள் வடகிழக்கு லண்டனில் தொழிலாளர் நகரங்களையே உண்டாக்கிவிட்டன. மலிவான கட்டணம் ஊரை எப்படி விரிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்புவது நீராவி எஞ்சினுக்குப் பிடிக்காத வேலை. வேகம் எடுப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். முனைக்கு வந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்ட வேண்டும். இதற்கு விடை லிஃப்ட்டிலிருந்து வந்தது. அமெரிக்கர் ஃபிராங்க் ஸ்பிரேக் முன்னாள் கடற்படை அதிகாரி, எடிசனிடம் சில காலம் வேலை பார்த்தவர். 1888-இல் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராம் ஓட்டிக் காட்டினார். பிறகு நியூயார்க்கில் உயரமான கட்டடங்களுக்கு மின்சார லிஃப்ட் போடும் தொழிலில் இறங்கினார். பல லிஃப்ட்டுகளை ஒரே இடத்திலிருந்து ஒரு சுவிட்ச்சால் இயக்குவதற்கு வழி செய்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. ஒவ்வொரு ரயில் பெட்டிக்கும் தனி மோட்டாரை வைத்துவிட்டு, எல்லாவற்றையும் முன்னால் நிற்கும் ஒரே கைப்பிடியிலிருந்து ஆட்டுவித்தால் என்ன?

சிகாகோவின் தென்பகுதி மேம்பால ரயில்வே அவரை நம்பி ஒப்பந்தம் கொடுத்தது. 1897 ஜூலையில் ஸ்கெனக்டடியில் சோதனை ஓட்டம். ஆறு பெட்டிகளின் கைப்பிடியை ஸ்பிரேக் தன் பத்து வயது மகன் டெஸ்மண்ட் கையில் கொடுத்தார். பையன் ஓட்டினான், பெட்டிகள் ஆறும் ஒரே உடம்பாகக் கிளம்பி ஒரே உடம்பாக நின்றன. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை, நடுவில் மோட்டார் பெட்டிகள், எஞ்சினை மாற்றும் வேலையே இல்லை. சென்னையில் பழையவர்கள் ‘யூனிட்’ என்று சொல்லும் வண்டி இதுதான். உலகத்தில் இன்று ஓடும் புறநகர், மெட்ரோ வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே அந்தப் பையன் ஓட்டிய வண்டியின் வாரிசுகள்.

இந்தியாவில் அதை முதலில் பம்பாய் பிடித்துக்கொண்டது: 1925 பிப்ரவரி 3, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை. சென்னைக்கும் அதே 1,500 வோல்ட் நேர்மின்சாரம் வந்தது. ஆனால் மீட்டர் பாதையில். இந்தியாவில் வேறெங்கும் மீட்டர் பாதையில் மின்சார ரயில் இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சுமார் 29 கிலோமீட்டர். 1931 ஏப்ரல் 2 அன்று ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொது மக்கள் ஏறினார்கள்.

மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது மாம்பலத்தின் கிழக்குப் பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே இருந்தது தண்ணீர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த ஏரியை, வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1920-இல் வந்த நகரமைப்புச் சட்டத்தைக் கொண்டு, 1923 முதல் அதன் மாம்பலம் பகுதியைத் தூர்த்து மனை பிரித்தது நீதிக்கட்சி அரசு. கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, முகமது உஸ்மான் பெயரில் சாலை. ஊர் இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிட்டு உருவானதும், அதன் வாசலில் மின்சார ரயில் வந்து நின்றதும் ஒரே பத்தாண்டுக்குள் நடந்தவை. கோட்டையிலும் பாரிமுனையிலும் வேலை பார்த்த குமாஸ்தா மாம்பலத்தில் வீடு கட்டத் துணிந்ததற்கு இந்த ரயில் ஒரு முக்கியக் காரணம். ஏரி மட்டும் தன் இடத்தை மறக்கவில்லை. பெருமழை பெய்தால் அந்தத் தெருக்களுக்குத்தான் முதலில் திரும்பி வருகிறது.

பாதையின் இரு முனைகளையும் ஒரு கல்லூரி இணைத்தது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, கடற்கரை ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல் காடு மண்டிக் கிடந்த தாம்பரத்துக்கு மாறியது. நகரத்தின் நடுவிலிருந்து ஒரு கல்லூரி அவ்வளவு தூரம் போக முடிந்ததென்றால் மின்சார வண்டியின் தைரியம்தான். நடுவழியில் குரோம் தோல் பதனிடும் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்குக் குரோம்பேட்டை என்றே பெயர் நிலைத்தது. கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோக்கள் வந்தன. வண்டி வரும்போது கேட் மூடிவிடுவார்கள். ஸ்டுடியோவுக்குப் போகும் நட்சத்திரங்களின் கார்களும் வரிசையில் நிற்கவேண்டும். அவர்களைப் பார்ப்பதற்கென்றே கேட்டடியில் காத்திருந்த கூட்டத்தைப் பற்றிக் கோடம்பாக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1960-களில் மேம்பாலம் கட்டியதும் அந்தக் காட்சி முடிந்தது.

அடுத்த திருப்பம் ஜெர்மனியின் கறுப்புக் காட்டில். அங்கே ஃபிரைபுர்கிலிருந்து மேலேறும் ஹெல்லன்டால் என்ற செங்குத்தான பள்ளத்தாக்குப் பாதையில் 1936-இல் ஜெர்மானியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ரயிலுக்கென்று தனி மின்சாரம் தயாரிக்காமல், வீட்டுக்கும் ஆலைக்கும் வருகிற அதே 50 சுழற்சி மாறுமின்சாரத்தை 20,000 வோல்ட்டில் நேரே ரயிலுக்குக் கொடுத்தார்கள். போர் முடிந்தபோது அந்தப் பள்ளத்தாக்கு பிரெஞ்சுக்காரர்களின் ஆக்கிரமிப்புப் பகுதிக்குள் வந்து விழுந்தது. பிரெஞ்சு ரயில்வேப் பொறியாளர்கள் அதை நுணுகி ஆராய்ந்து, தங்கள் நாட்டில் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் பிறகு வடகிழக்கிலும் 25,000 வோல்ட்டாக்கி நிலைநிறுத்தினார்கள். கம்பி மெல்லியதாகப் போதும், துணை மின்நிலையங்கள் குறைவாகப் போதும். 1957-இல் இந்தியா பிரெஞ்சுக்காரர்களின் ஆலோசனையோடு இதே முறையை ஏற்றது. 1967 ஜனவரியில் கடற்கரை–தாம்பரம் பாதை நேர்மின்சாரத்தை விட்டு 25,000 வோல்ட்டுக்கு மாறியது. பம்பாய் அந்த மாற்றத்தை முடித்தது அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின்னால். போரில் தோற்ற நாட்டின் ஒரு மலைப்பாதை கைமாறியிருக்காவிட்டால் மாம்பலத்துக்கு மேலே ஓடும் கம்பியில் என்ன மின்சாரம் இருந்திருக்குமோ!

அந்தக் கம்பியின் கீழ் ஓடிய பெட்டிகள் இப்போது பெரம்பூரிலிருந்து வரத் தொடங்கியிருந்தன. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். தொழிற்சாலைக்குத் தொழில்நுட்பம் கொடுத்தது சூரிச் அருகே ஷ்லீரன் என்ற ஊரின் சுவிஸ் கம்பெனி. அந்தக் கம்பெனியின் இரண்டு தொழில்கள்: ரயில் பெட்டி, லிஃப்ட். ஸ்பிரேக்குக்கு லிஃப்ட்டிலிருந்து ரயில் தோன்றியது; பெரம்பூருக்கும் லிஃப்ட் செய்கிறவர்களே வழிகாட்டினார்கள். இந்த ஒற்றுமையைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து லிஃப்ட்டில் ஏறினால் எனக்குத் தாம்பரம் வண்டி ஞாபகம் வருகிறது.

தூண்களின் மேல் ரயில் என்ற கிரீனிச் யோசனை சென்னைக்கு வர 159 ஆண்டுகள் ஆயின. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடியது. 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி. நிலம் கையகப்படுத்தும் சிரமம் இல்லாமல் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே தூண்களை நட்டார்கள்; கால்வாய்க்கு அது பெரும் தீங்காக முடிந்தது. பெரிய பெரிய நிலையங்களின் கீழ்த்தளங்களில் கடைகள் வரும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் எதிர்பார்ப்பாகவே நின்றது. மாம்பலத்தில் யாரும் திட்டம் போடவில்லை, வியாபாரம் தானாகப் படியடிக்கு வந்துவிட்டது. ரங்கநாதன் தெருவில் பாத்திரமும் துணியும் விற்பவர்கள் நம்பியிருப்பது செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சீசன் டிக்கெட்டிலோ அஞ்சு பத்து ரூபாய் டிக்கெட்டிலோ வந்து இறங்குகிறவர்களை. அந்தத் தெருவில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பிள்ளைகளின் பாட்டை 2010-இல் வந்த ‘அங்காடித் தெரு’ படம் ஊருக்குக் காட்டியது. நெரிசலுக்கு மாற்றாக ஸ்டேஷனிலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு உயர்நடைபாதை 2023-இல் திறக்கப்பட்டது. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது பெரிய உதவி.

மேயோவின் மீட்டருக்கு வருவோம். 2004 ஜூலையில் சென்னையின் கடைசி மீட்டர் பாதை யூனிட் ஓடி நின்றது. அகலப் பாதை வந்தது. பெட்டியும் அகலமாயிற்று, இன்னும் நாலு பேர் நிற்க இடம் கிடைத்தது. இந்தியாவில் மீட்டர் பாதையும் 25,000 வோல்ட்டும் சேர்ந்த புறநகர் ரயிலின் கதை அதோடு முடிந்தது. ஆனால் அந்தச் சேர்க்கை கடல் கடந்து உயிரோடு இருக்கிறது. மலாயாவில் 1885-இல் தைப்பிங்கில் தொடங்கிய ரயில்வேயும் மீட்டர் பாதைதான். அதைப் போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் போய் அமர்ந்தார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஊழியர் குடியிருப்புகளால் வளர்ந்த பகுதி. 1995-இல், சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் வந்த அதே ஆண்டில், அங்கே ‘கொமுட்டர்’ என்ற புறநகர் மின்சார ரயில் தொடங்கியது. மீட்டர் பாதை, 25,000 வோல்ட், 50 சுழற்சி: 1967-இன் மாம்பலத்தில் இருந்த அதே கூட்டு. வண்டிகள் ஆஸ்திரியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்தன. தண்டவாளம் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் வேலைக்குப் போகிறார்கள்.

எட்மண்ட்சனின் அட்டைக்கும் முடிவு வந்தது. கணினிச் சீட்டு வந்து அலமாரிகள் காலியாயின. 2015-இல் காகிதமே இல்லாத கைபேசி டிக்கெட்டை ரயில்வே முயன்று பார்த்தபோது எடுத்துக்கொண்ட பாதை எழும்பூர்–தாம்பரம்.

பெரம்பூரில் செய்த முதல் குளிர்சாதனப் புறநகர் வண்டி 2017 கிறிஸ்துமஸ் அன்று மும்பையில் ஓடியது. செய்த ஊருக்கு வர 2025 ஏப்ரல் 19 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை. கதவுகள் தானாக மூடிக்கொள்கின்றன, படியில் தொங்க முடியாது, அந்த ஒன்றுக்காகவே எத்தனையோ உயிர் மிஞ்சும். குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். பக்கத்தில் நிற்கும் சாதாரண வண்டியில் 5 ரூபாய். 1864-இன் இரண்டு பென்னி நிபந்தனையை எழுதியவர்கள் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். தெருவில் பூ விற்கும் அம்மாவும் துணிக்கடையில் நிற்கும் பெண்ணும் அந்தக் கதவுக்குள் போகும் விலையில் சீசன் வந்தால்தான் அது புறநகர் ரயில். பெட்டிகளை இனி எல்லாப் பாதைகளிலும் மூடிய கதவோடு செய்யப்போவதாகப் பேச்சு நடக்கும் இந்த நேரத்தில், சீசன் டிக்கெட்காரர்கள் அதை இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.